மூன்றாம் மாடியில் மிச்சமான தண்ணீர்

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் ஊற்றும்போது படியைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். "கூட வர்ற நிழலையே யாருன்னு கேப்பா" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் என்னை மேற்பார்வைக்கு வைத்திருப்பதே இந்தப் புத்திக்காகத்தான்.

கீழ்த்தளத்தில் ஆபீஸும் அச்சு மிஷின்களும். மூன்றாம் மாடியில் பெண்கள் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிப்பார்கள். அவர்களுடைய கழிவறைக்கு மொட்டைமாடியில் தனித் தொட்டி. தண்ணீரெல்லாம் லாரியில் லோடு லோடாக வருவது. அந்தச் செலவைத் தாங்காமல் முதலாளி அண்ணாச்சி போன சீசனில் குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் மெல்லிசாக வரும்படி சிக்கன மூடி போட்டார். மொட்டைமாடித் தொட்டி மோட்டாருக்கு டைமர் வைத்தார். காலையில் ஒருமுறை ஏறும், அதோடு சரி.

முதல் வாரம் மதியத்துக்கே தொட்டி வறண்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"பாத்தீகளா? பழகிட்டா எம்புட்டு மிச்சமாகுது!" என்று அண்ணாச்சி பூரித்துப் போனார். சிவகாசியில் இருக்கும் அவருடைய லாட்ஜுக்கும் டைமர் வாங்கப்போவதாகச் சொன்னார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வெயிலில் வெந்துகொண்டு அத்தனை பெண்கள் வேலை பார்க்கும் மாடியில் தண்ணீர் எப்படி மிஞ்சும்? லாரிக்காரர் ரகசியமாகக் கூடுதலாக ஊற்றுகிறாரோ என்று பார்த்தேன். அவர் சொட்டுத் தண்ணீர்கூடச் சும்மா தருகிற ஆள் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து யாராவது குழாய் மாட்டி ஏற்றுகிறார்களோ என்று மாடிப்படி முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை.

கடைசியில் என் சந்தேகம் விஸ்வநத்தத்திலிருந்து வரும் ஒரு பெண் மேல் விழுந்தது. புதிதாகக் கல்யாணமானவள். அடிக்கடி பாதிநாள் லீவு கேட்டாள். வேறு கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறாள், தண்ணீர் விஷயமும் அவளுக்குத் தெரியும் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வேலை விட்டதும் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிப்பது என் வேலை. காலண்டர் வெளியே போய்விடக் கூடாது. அன்று அவள் பையைக் குடைந்தேன். காலண்டர் இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் கனத்தது. காலையில் வீட்டில் நிரப்பியது கழுத்துவரை அப்படியே இருந்தது. அடுத்தவள் பையைப் பார்த்தேன், அதிலும் நிறை பாட்டில். அதற்கடுத்தவளுடையதும் அப்படித்தான்.

"என்னம்மா இது? ஒருத்தியும் தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா போகணும்லக்கா" என்றாள் அந்தப் பெண். "மொத வாரம் உள்ள போய்ட்டுத் தண்ணியில்லாம நான் நின்ன நெலம எனக்குத்தான் தெரியும். அன்னையிலருந்து யாரும் குடிக்கிறதில்ல. நீர்க்கடுப்பு வந்து உசுரு போகுது, அதுக்குத்தான் லீவு கேக்கேன். இதச் சொன்னா அடுத்த சீசனுக்குக் கூப்புட மாட்டீகளே."

கீழே ஆபீஸ் கழிவறைக்குப் போய் வருகிற எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? பாட்டில்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய் அண்ணாச்சி மேசையில் வைத்தேன்.

"தொட்டியில மிச்சம் இருக்குன்னீகள்ல அண்ணாச்சி? மிச்சம் முழுசும் அங்கன இல்ல, இங்கனயும் இருக்கு. உங்க பிள்ளைகளா இருந்தா இப்படி விடுவீகளா?"

அவர் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். விவரம் முழுவதும் கேட்டார். முகம் செத்துப்போனது. லாட்ஜுக்கு டைமர் வேண்டாம் என்று அப்போதே போனில் சொன்னார். மறுநாள் காலையில் இங்கே இருந்த டைமரையும் கழற்றினார்கள். குழாய் மூடிகள் மட்டும் இருக்கின்றன, அவற்றால் யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த சீசனுக்கு அந்தப் பெண்ணும் வந்திருக்கிறாள். லீவு கேட்பதில்லை. ஆனாலும் என் புத்தி போகுமா? சாயங்காலம் பை சோதிக்கும்போது காலண்டரைத் தேடுவதற்கு முன்னால் பாட்டிலைத்தான் தூக்கிப் பார்க்கிறேன். கனத்தால், அதை என் கண் முன்னால் குடித்து முடிக்கும்வரை யாரையும் வாசல் தாண்ட விடுவதில்லை.