வெளிர்நீலக் கடலில் வெடித்த வாணம்

சிவகாசி அச்சகத்தில் டிசைனராக இருப்பவளின் புலம்பல் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கென்று ஒரு பாட்டுத் தொகுப்பு. ஆடுவதற்கு 'ஹவுஸ்' என்கிற துள்ளல் இசை, சாய்ந்து கிடந்து கேட்க 'சில்அவுட்' என்கிற அமைதியான இசை. வாடிக்கையாளர் ஒருவர் இசைத்தட்டாகவே வெளியிடுகிறார். அட்டைக்கு நான் வரைந்தது வெளிர்நீலக் கடல், மூலையில் ஒரு சாய்வு நாற்காலி. அவ்வளவுதான். வாடிக்கையாளர் பார்த்ததும் ஓகே சொல்லிவிட்டார்.

இன்று அச்சாகி வந்ததைப் பார்க்கிறேன். கடலுக்கு மேலே சிவப்பு வாணம் வெடிக்கிறது. சுற்றிலும் தங்க நட்சத்திரங்கள். பட்டாசுப் பெட்டிக்குப் போடுகிற அதே நட்சத்திரங்கள்!

முதலாளி அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அம்புட்டு இடத்தையும் சும்மா விட்டுட்டீகளேம்மா. மறந்துட்டீக போலன்னு நாந்தான் நெரப்பச் சொன்னேன்."

"அண்ணாச்சி, இது அமைதியாக் கேக்குற பாட்டு!"

போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். புரிந்துவிட்டது என்று நம்பினேன்.

பாதியில் கண்ணைத் திறந்தார். "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

ஆர்டர் முழுக்க அடித்தாகிவிட்டது. வாடிக்கையாளரிடம் யார் சொல்வது என்று கேட்டேன்.

"நீங்களே பேசுங்க. நன்றி சொல்லுவாக பாருங்க."

போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். 'ஹலோ'வுக்கு அடுத்து என்ன சொல்வது என்று யாராவது எழுதிக் கொடுங்களேன்.