பதினோராவது சுற்றிலிருந்து

என் மனைவி தெய்வநாயகி இதுவரை யாரையும் மன்னித்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய பெரியப்பா மகன் புதுவீடு கட்டிக் குடிபோனபோது, பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் போனில் அனுப்பிவிட்டான். இன்றுவரை அந்த வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அந்தத் தெருவில் போக நேர்ந்தால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்படிப்பட்டவளின் நோட்டைப் படம் பிடித்து இன்னொருவனுக்கு அனுப்பினேன் என்றால் என் புத்தியை எதில் சேர்ப்பது?

நான் சின்னண்ணன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறேன். தெய்வநாயகி புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் பதிவேடு எழுதுகிறாள். ஆறு ஷெட். எந்த ஷெட்டில் எவ்வளவு தீவனம், நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்று தினமும் எழுத வேண்டும். குஞ்சு வந்து இறங்கிய முதல் இருபது வாரம் தின்று வளர்வதோடு சரி. அந்த நாட்களை முட்டைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. முட்டையிடத் தொடங்கிய பிறகு ஐம்பத்திரண்டு வாரம், அதுதான் ஒரு பேட்ச்சின் கணக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டர் சறுக்கிக் கால் முறிந்து படுத்திருந்தபோது போனில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு சுற்று என்று மாறி மாறி ஆடுவது. கொல்லர், துறவியர், கடலோடிகள், மலையர், உழவர், குதிரையர் என்று ஆறு குலங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு கோட்டை கட்டி, சுற்றுக்குச் சுற்று ஆராய்ச்சி நடத்தி, சக்கரம், இரும்பு, வெடிமருந்து என ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும். வெடிமருந்தை முதலில் எட்டியவனை அப்புறம் அசைப்பது கஷ்டம். அதனால் எந்தக் குலத்துக்கு ஆராய்ச்சி வேகம் அதிகம் என்று ஆடுகிறவர்களுக்குள் ஓயாத சண்டை.

ஆறு குலங்களைப் பார்த்ததும் அவளுக்கு ஆறு ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே நிலம், ஒரே தானியம், ஒரே அளவு ஆட்கள் என்று வைத்து ஒவ்வொரு குலத்தையும் இருபது தடவை ஆடினாள். கால் சரியான பிறகும் விடவில்லை. பண்ணையிலிருந்து வந்து, சோறாக்கிவிட்டு உட்காருவாள். பதினோரு மாதம். எல்லோரும் துறவியர்தான் வேகம் என்று சொல்லிக்கொண்டிருக்க, கொல்லர்தான் முதல் என்று இவள் நோட்டில் முடிவு கட்டினாள். வெடிமருந்துக்குக் கொல்லருக்கு முப்பத்தொரு சுற்று, துறவியருக்கு முப்பத்தைந்து, கடைசியில் குதிரையருக்கு ஐம்பத்திரண்டு. பண்ணைப் பழக்கம் விடுமா? எந்தக் குலத்துக்கும் முதல் பத்துச் சுற்றை அவள் எண்ணவே இல்லை. வீடு கட்டி ஆள் சேர்க்கும் காலம், அதாவது குஞ்சுப் பருவம். பதினோராவது சுற்றிலிருந்துதான் அவளுடைய ஒன்று. இதை நோட்டில் எங்கும் எழுதி வைக்கவில்லை. கோழிக்காரர்களுக்கு அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேலத்தில் என் அத்தை மகன் இளஞ்செழியன் விளையாட்டுகளைப் பற்றி வீடியோ போட்டுக்கொண்டிருந்தான். ஆடுவதைவிடப் பேசுவதில்தான் அவனுக்கு ருசி. 'என்ற ஊட்டுக்காரி போட்டது, பாரு' என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். பத்தாம் நாள் அது அவனுடைய பட்டியலாக வெளிவந்தது. 'ஒரு வருஷம் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்தேன்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் படுபாவி. தன் குறிப்பேடு என்று அந்தப் படத்தையே ஒரு கணம் காட்டவும் செய்தான். லட்சம் பேர் பார்த்தார்கள்.

தெய்வநாயகி அதை மூன்று தடவை பார்த்தாள். பிறகு அவனுக்குப் போன் போட்டாள். விளையாட்டுக்குப் போட்ட கணக்குதானே, இதுக்குப் போய்க் கோபப்படுவாங்களா அக்கா என்று அவன் சிரித்திருக்கிறான். போனை வைத்துவிட்டு, நோட்டு எப்படி வெளியே போயிருக்கும் என்று என்னைக் கேட்டாள். பண்ணையில் யாராவது எடுத்திருப்பார்கள் என்றேன். இருக்குமுங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அவள் அந்த வீடியோவின் கீழே வந்த கருத்துகளைத் தினமும் படித்தாள். அதில் நாலைந்து பேர், கொல்லரை எடுத்தால் தங்களுக்கு நாற்பத்தொரு சுற்று ஆகிறதே என்று கேட்டிருந்தார்கள். உங்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று இளஞ்செழியன் பதில் போட்டிருந்தான். அதைப் படித்த அன்றுதான் அவள் பல் தெரியச் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை எதிரில் உட்கார வைத்துவிட்டாள். எனக்குக் கொல்லர், அவளுக்குக் குதிரையர். ஆராய்ச்சியில் கடைசியில் நிற்கிற குலம். நான் உலை மூட்டி முடிப்பதற்குள் குதிரைகள் வந்து என் கோட்டையைக் கொளுத்திவிட்டுப் போகும். தினமும் இதே கதி. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், கட்டிலில் படுத்தபடியே தோற்றேன். தீபாவளியன்று இரண்டு தடவை கொளுத்தினாள். இளஞ்செழியன்மேல் இருக்கும் ஆத்திரத்தில் பயிற்சி எடுக்கிறாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டு எரிந்தேன்.

இருபது வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். அதில் ஜெயிப்பவர் சிறப்பு விருந்தினர் இளஞ்செழியனோடு ஓர் ஆட்டம் ஆடலாம். பகல் மூன்று மணிக்குள் போட்டிக்கு வந்திருந்த பதினைந்து பேரையும் கழித்துக்கட்டிவிட்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு மைக்கைப் பிடித்து, நம்ம அக்கா என்று அறிமுகம் செய்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

அவன் கொல்லரை எடுத்தான். அவள் குதிரையரைத் தொட்டதும் கூட்டம் சிரித்தது. பட்டியலில் கடைசிக் குலம் ஆயிற்றே. இளஞ்செழியன் மதில்கூடக் கட்டவில்லை. இருந்ததையெல்லாம் ஆராய்ச்சியில் கொட்டிவிட்டு, முப்பத்தொன்றில் வெடிமருந்து வரும், அப்புறம் குதிரை என்ன யானை வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே போனான். இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று திரையின் ஓரத்தில் எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேசுகிறவனுக்குக் கண் தெரியுமா?

முப்பத்தொன்று வந்தது. பெரிய திரையில் எல்லோரும் பார்க்க ஆராய்ச்சிப் பக்கத்தைத் திறந்தான். இன்னும் பத்துச் சுற்று என்றிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தான். அப்போதும் பத்து. முப்பத்திரண்டாவது சுற்றில், அதுவரை ஒதுங்கி நின்ற குதிரைகள் மதில் இல்லாத கோட்டைக்குள் நுழைந்தன. அவள் அவசரப்படவில்லை. முதலில் உலையைக் கொளுத்தினாள், பிறகு களஞ்சியத்தை, பிறகு ஒவ்வொரு வீடாக. ஒரே சுற்றில் முடித்திருக்கலாம். ஆறு சுற்று எடுத்துக்கொண்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

"அந்தப் பட்டியல் நான் போட்டதுங்க. குஞ்சு முட்டை போடாது, அதனால பதினோராவது சுத்துல இருந்துதான் எண்ணுவேன். உங்களுக்கு ஆடத் தெரியலைன்னு சொன்னாருல்லீங்க? அந்தப் பத்துச் சுத்து எங்க போச்சுன்னு இப்ப அவரையே கேளுங்க."

கேட்டார்கள். முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து கேட்டான், பிறகு பத்துப் பேர் கேட்டார்கள். இளஞ்செழியன் கழுத்து வேர்த்து, எடிட்டிங் தவறு என்று ஏதோ குழறினான். வெளியே வரும்போது பின்னாலேயே ஓடி வந்தான். வீடியோவில் அவள் பெயரைப் போட்டுவிடுவதாகவும், வேண்டாமென்றால் அழித்தே விடுவதாகவும் கெஞ்சினான்.

"அழிக்கக் கூடாது," என்றாள். "அப்படியே கெடக்கட்டும். லட்சம் பேரும் திரும்ப வந்து பாக்கோணும்."

புதுச்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். இத்தனை நிம்மதியாக அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று. எனக்கும் ஒரு பாரம் இறங்கியது. இனிமேல் சாயங்காலத்தில் பயிற்சி இருக்காது, கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுக்கலாம் என்றேன்.

"ஏனுங்க, அதப் பயிற்சின்னா நெனச்சீங்க?" என்றாள், கடலைத் தோலை ஊதிக்கொண்டே. "அவன் காட்டுன படத்துல, நோட்டோரத்துல ஒரு கட்டவெரலு இருந்துச்சு. வெரலு பூரா நீலப் பெயிண்டு."

என்னை அறியாமல் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினேன். முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறாள். இருபது வாரம் என் கோட்டை எரிந்தது எனக்காகவேதான்.

"இன்னும் எத்தன நாளைக்கு அம்மிணி?"

"ஒரு பேட்ச்சுக்கு அம்பத்திரெண்டு வாரமுங்க."

மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். இருபது போனால் முப்பத்திரண்டு. சரி, தாங்கிக்கொள்ளலாம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் கடைசிக் கடலையை உரித்து என் கையில் வைத்தாள்.

"இதுவரைக்கும் போனது குஞ்சுப் பருவமுங்க. கணக்கு நாளையில இருந்துதான்."