மூன்றாவது முறை மூடும் கதவு

லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கதவுகளைச் சோதித்துப் பார்ப்பவளுக்கு, கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கறார் அக்கா. தப்பென்றால் தப்பு என்றுதான் எழுதுவாள். அவள் பேச்சு மனசை நோகடிக்கிறது என்று மேலாளருக்கு ஏகப்பட்ட புகார். ஒழுங்காகக் கதவு செய்தால் யார் மனசும் நோகாது என்று ஒருநாள் அவரிடமே சொல்லித் தொலைத்தாள்.

விளைவு, இந்த வருஷம் ஒரு விதி வந்தது. எதை மறுத்து எழுதினாலும் முதலில் ஒரு பாராட்டு, கடைசியில் 'பரிசீலிக்கலாம்'. வேலை வேண்டுமே, அவளும் வாயைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டிய லிஃப்ட் சோதனைக்கு வந்தது. குறுக்கே ஆள் இருந்தால் கதவு திறந்து வழிவிடும். ஆனால் இரண்டு முறைதான். மூன்றாவது முறை ஆள் இருந்தாலும் முழு வேகத்தில் மூடிவிடும். மற்றவர்கள் காத்திருக்கக் கூடாதாம். புரோகிராம் எழுதியவனின் கெட்டிக்காரத்தனம். அன்று வீட்டில் மாமனாரைக் கைத்தடியோடு குளியலறை வாசலைத் தாண்டச் சொல்லி நேரம் பார்த்தாள். பதினோரு வினாடி. "என்னம்மா, ஓட்டப் பந்தயத்துல சேர்க்கப் போறியா?" என்று சிரித்தார். அதற்குள் அந்தக் கதவு மூன்றாவது முறையும் மூடவந்துவிடும்.

மறுநாள் விதிப்படி எழுதினாள்: 'புரோகிராம் நேர்த்தியாக உள்ளது. மூன்றாவது முறை மூடுவதை மாற்றலாமா என்று பரிசீலிக்கலாம்.' எழுதும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பத்து நாள் கழித்து லிஃப்டைக் கழற்றி வண்டியேற்ற ஆட்கள் வந்து நின்றார்கள். கதவு அப்படியே இருந்தது. 'பரிசீலிக்கலாம்' என்று வருவதையெல்லாம் அடுத்த வருஷப் பட்டியலில் தள்ளிவிடுவார்களாம். ஒருத்தரும் படிக்கவில்லை. அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. மேலாளரைக் கையோடு சோதனைக் கூடத்துக்கு அழைத்துவந்தாள்.

"வயசானவங்க எலும்பை முறிக்கிற கதவு சார் இது. அனுப்பக் கூடாது."

"இதையே கொஞ்சம் பதமா சொல்லலாமே."

"பதமாத்தான் எழுதினேன். பத்து நாளாச்சு."

நாலு பேர் முன்னால் இப்படியா பேசுவது என்று அவர் மரியாதையைப் பற்றி ஆரம்பித்தார். ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். அவர் பேசப் பேச அவள் பொத்தானை அமுக்கி, மூடவந்த கதவுக்குக் குறுக்கே ஒரு அட்டையை நீட்டினாள். திறந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி திறந்தது.

"இனி மூணாவது. உங்க கையை வைங்க சார்."

மேலாளர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கதவு அறைந்து மூடியது.

அன்று லிஃப்ட் வண்டியேறவில்லை. சாயங்காலம் அவள் மேஜைக்கு மேலாளரின் கடிதம் வந்தது. அவள் பேசிய தோரணையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதி, விளக்கம் கேட்டிருந்தார். கதவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.