கட்டுக்குள் ஏறிய சூடு

1981 கோடையில், சமயநல்லூர் விவசாயி வீட்டுப் பெண் சீனியம்மாள், பி.காம். முடித்த கையோடு, ஊரையொட்டி இருந்த கப்பல் சரக்கு ஏஜெண்டின் குடோனில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

மேனேஜர் சுப்பராமன் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது ஒரே விதி. "கப்பல்காரன் எடையையும் பாப்பான், அடைக்கிற இடத்தையும் பாப்பான். எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் வாடகை. பஞ்சுக் கழிவு ஏத்துனா காத்துக்கும் சேத்து வாடகை கட்றோம்னு வச்சுக்கோம்மா."

குடோன் மூலையில், பருத்திவிதை எண்ணெய் ஆலையில் எந்திரம் துடைத்துப்போட்ட, எண்ணெய் ஊறிய துணிக் கழிவு கிடந்தது. நல்ல கனம். அதையும் பஞ்சுக் கழிவோடு கலந்து பிரஸ்ஸில் இரண்டு தடவை இறுக்கினால், அதே இடத்தில் கூடுதல் சரக்கு போகும். வாங்குகிறவனும் எந்திரம் துடைக்கத்தான் வாங்குகிறான். இதைச் சீனியம்மாள் மேனேஜரிடம் சொன்னாள். சுப்பராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கட்டுப் போடும் ராக்கம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். "எண்ணெத் துணிய எங்க வீட்டுல சுருட்டி வைக்க மாட்டோம், தாயி."

"உங்க வீட்டுல பிரஸ் இருக்கா?" என்றாள் சீனியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண்ணெய் காற்று பட்டால் மெல்லச் சூடாகும். பரப்பிக் கிடந்தால் சூடு வெளியேறிவிடும். இறுக்கிக் கட்டினால் உள்ளேயே ஏறும். அன்று அது அவளுக்குத் தெரியாது.

கட்டுப் போட்ட நான்காம் நாள் காலை அறுபது கட்டுகளுடன் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. ஓட்டியவன் அவள் அண்ணன் சிவனாண்டி.

"உன் மூளைக்கு எம்புட்டு வெயிட்டு பாரு, பாப்பா. வண்டி மேடேற மாட்டேங்குது. வாரேன்."

பதினொரு மணிக்கு, மிச்சமிருந்த முப்பது கட்டுகளை அளக்க டேப்பை வைத்தாள். நிழலில் இருந்த கட்டு சுட்டது. ஒரு கம்பியை உள்ளே குத்தி, சற்றுப் பொறுத்து உருவினாள். பிடிக்க முடியவில்லை. கம்பி கீழே விழுந்தது.

"லாரியத் திருப்பணும், சார்."

"நாளைக்குக் கப்பல். விட்டா அடுத்தது மூணு வாரம். வெயில்ல எதுதான் சுடாது?"

"இது வெயில் படாத கட்டு, சார்."

அவர் ஃபைலைப் புரட்டினார். அவளே போனை எடுத்து, அருப்புக்கோட்டையில் லாரிகள் நிற்கும் டீக்கடைக்கு அவசர டிரங்க் கால் போட்டாள். லைன் கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது.

"இங்கதான் நிக்காரும்மா," என்றார் கடைக்காரர். "ஏதோ கருகுற வாடை வருதுன்னு தார்ப்பாய அவுத்துக்கிட்டு இருக்காரு."

"அவுக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே. காத்துப் பட்டாப் பத்திக்கும். வண்டிய விட்டு வந்துரச் சொல்லுங்க."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு அவர் ஓடினார். டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ "தண்ணி, தண்ணி" என்றார்கள்.

காலுக்கு உண்டான மூன்று நிமிடம் முடிந்தது. இன்னும் வேண்டுமா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள். அவள் ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். லைன் அறுந்தது.

சிவனாண்டி தீக்காயத்தோடு பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து இறந்துபோனான். விசாரணைக்கு வந்தவர்களிடம் சுப்பராமன், வெயிலில் தானாகப் பற்றியது என்றார். கலக்கச் சொன்னது தான்தான் என்று சீனியம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தாளின் நகலை அவள் அம்மாவிடம் கொடுத்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் அதை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை கேட்கவில்லை.