ஷூ மாட்ட அரை மணி நேரம்

குழந்தைகள் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளின் அறையில் பதினெட்டு ஜோடி ஷூ. முற்றத்துக்கு விளையாடப் போக வேண்டுமென்றால் பக்கத்து அறைக்காரர்கள் ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். அங்கே பெரியவர்கள் இரண்டு பேர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பாத்திரம் அடுக்குகிற வேகத்தில் மாட்டி முடித்துவிடுவார்கள். இந்த அறைக்கு அரை மணி நேரம் ஆகும். இங்கே பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். வெளியே விட்டால் கை தானாகப் போய் உதவி செய்துவிடும் என்ற பயம்.

பெற்றோர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. பாராட்டி வைத்த பெயர் இல்லை.

"என்னக்கா, நாளைக்குப் போட வேண்டிய ஷூவை இன்னிக்கே ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று வாசலில் நின்று வாயைக் கிளறுவார்கள்.

"ஆமாங்க, உங்க பையன் கல்யாணத்துக்குள்ள எப்படியும் முடிச்சிடுவோம்" என்பார் நிதானம். பிள்ளைகளுக்கு மட்டும் அவர் அத்தை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தரை துடைக்க வந்தவர். ஒரு நாள் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. படித்தது பத்தாவது. இப்போது அதுதான் சிக்கல். சான்றிதழ் இல்லாதவர்கள் வகுப்பறையில் நீடிக்க வேண்டுமென்றால், மதிப்பீட்டாளர் ஒருவர் காலை முழுவதும் மூலையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. நூற்றுக்கு அறுபது வந்தால் வகுப்பறை. வராவிட்டால் மறுபடியும் துடைப்பம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடிதம் வந்த நாளிலிருந்து நிதானத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதிப்பீட்டாளர் வரவிருந்த அன்று காலை அவரது கணவர், பஸ் ஓட்டுபவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா முன்னாடியாவது கொஞ்சம் கியரை மாத்து. நீ பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா, சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறான்னு எழுதிட்டுப் போயிடப் போறாங்க."

எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவர் அன்று தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கும் பயம் தொற்றிவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் தன் கையாலேயே மாட்டிவிட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார்.

காப்பகத்தின் பொறுப்பாளருக்கு இவரைவிடப் பயம். நிதானத்தைவிட வயதில் சின்னவர், படபடப்புக்காரி. ஒரு வாரமாகப் பிள்ளைகளுக்கு அட்டையைக் காட்டிக் காட்டி நிறம் சொல்லப் பழக்கியிருந்தார். முதலில் சிவப்பு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது நீலம்.

மதிப்பீட்டாளர் வந்தார். உயரமான பெண்மணி. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததில் முழங்கால் முகவாயைத் தொட்டது. மடியில் தாள், கையில் நீல மூடி போட்ட பேனா. பொறுப்பாளர் ஆசையாக, "மேடம் பேனா என்ன கலர்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்றார்.

பதினெட்டு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள்: "சிவப்பு!"

"இல்லடா கண்ணுங்களா, நல்லாப் பார்த்து..."

"மஞ்சள்!"

மூன்றாவதாக நீலம் வந்துவிடும் என்று பொறுப்பாளருக்கே தெரியும். வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஷூ மாட்டும் நேரம் வந்தது. நிதானம் மண்டியிட்டார். முதலில் உட்கார்ந்திருந்தவன் கன்னம் உப்பிய பையன். எல்லாரும் 'போண்டா' என்று கூப்பிடுவார்கள். இரண்டு இழுப்பில் அவனுக்கு இரண்டு ஷூவையும் மாட்டிவிட்டார். பையன் தன் காலையே உற்றுப் பார்த்தான். பிறகு அத்தையைப் பார்த்தான். பட்டையை 'டர்'ரென்று பிரித்து ஷூவைக் கழற்றி வீசினான்.

"நான்தான் போடுவேன்! அது என் காலு!"

மூலையில் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.

நிதானத்துக்குக் காது சூடேறியது. என்ன காரியம் செய்தோம், யாருக்காகச் செய்தோம் என்று தோன்றியது. "தப்புதான் சாமி. உன் காலுதான்" என்றார். தரையில் சப்பென்று உட்கார்ந்தார். கைகள் தொடைக்கு அடியில் போயின. துடைப்பம்தான் என்றால் துடைப்பம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. மதிப்பீட்டாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரெட்டைச்சடைப் பெண் ஒருத்தி இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நடந்து பாரும்மா. எப்படி இருக்கு?"

"கோணையா இருக்கு அத்தை."

"அப்போ என்ன பண்ணலாம்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். கடிகாரம் ஓடியது. பிள்ளை யோசித்தது; மூக்கைத் தேய்த்தது; ஷூவைப் பார்த்தது.

"காலை மாத்தணும்."

"சரி, மாத்திப் பாரு."

அவள் வலது காலைத் தூக்கி இடது காலுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். குனிந்து பார்த்தாள். ஷூ இரண்டும் இப்போது சரியான பக்கத்தில்தான் இருந்தன. வெற்றியோடு நிமிர்ந்து ஓர் அடி எடுத்து வைத்தாள், தொப்பென்று விழுந்தாள். அழவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டையும் கழற்றி, மாற்றி மாட்டத் தொடங்கினாள். மூலையில் மதிப்பீட்டாளர் தாளால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "ஒரு கேள்வி கேட்டுட்டு இவ்வளவு நேரம் காத்திருக்க யாரும்மா சொல்லிக் கொடுத்தா? படிச்சவங்களே இதுக்குத் தடுமாறுவாங்க."

"யாரும் இல்லைங்க மேடம். நான் பேசினா அவங்க யோசிக்கிறதை நிறுத்திடுறாங்க. அதான்."

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பொறுப்பாளர் கடிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எழுபத்தொண்ணு! அக்கா, நீங்க இந்த அறையை விட்டு எங்கேயும் போக வேண்டாம்! பிள்ளைங்களோட பேசுறதுக்கு முழு மார்க்!"

நிதானம் முந்தானையால் கண்ணை ஒற்றினார். பிறகு கடிதத்தை வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"கை கழுவுறதுல எட்டு மார்க் போயிருக்கே டீச்சர்."

"அட, பாஸாயிட்டீங்க! சந்தோஷப்படுங்கக்கா."

"சந்தோஷம்தான் டீச்சர். ஆனா அவங்க சொல்றது நியாயம். சோப்பு எட்டாம நாலு பேர் வெறும் தண்ணியில நனைச்சிட்டுப் போறாங்க, நான்தான் கவனிக்கல." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "குழாய்க்குக் கீழே ஒரு பலகைப்படி போடணும். தச்சரை நாளைக்கே வரச் சொல்லலாமா?"