அட்டையின் பின்பக்கம்

நாற்காலியில் கைப்பை இருக்கிறது. ஜெனூபா அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒற்றை விரலால் கணினியில் எழுத்துகளைத் தேடித் தட்டுகிறார். ஒரு பெயரை அடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிடுகிறார். அடுத்தது யார், எந்த ஊர், குழந்தைக்குக் காய்ச்சலா, அப்படியென்றால் மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள். கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் டொக்டர் கனகரெத்தினத்தின் டிஸ்பென்சரியில் அவருக்கு இது இருபத்துநான்காவது வருடம். மாதம் ஒருமுறை பிரஷருக்கு விழுங்கும் குளிசைக்காகப் போகிறவன் நான். அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. கேட்டால், "குந்தினா கால் உளையும் தம்பி" என்பார்.

சாய்ந்தமருதுக்காரர். ஐம்பது வயதாகப் போகிறது. தேநீர் ஆறும்வரை காத்திருக்கமாட்டார், சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். பஸ் அவருடைய நிறுத்தத்தை எட்டுவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவடிக்கு வந்துவிடுவார். எதிரில் இருப்பவர் பேசி முடிக்குமுன் "ஓம் ஓம், விளங்கிட்டு" என்று கையை ஆட்டுவார். பெரும்பாலும் விளங்கியும் இருக்கும்.

போன வருடம் வரை அங்கே நோயாளிகளின் விவரம் எல்லாமே அட்டைகளில்தான். பதினோராயிரத்துச் சொச்சம். அவற்றை ஜெனூபா பெயர் வரிசையில் அடுக்கவில்லை. ஊர், தெரு, குடும்பம் என்று அடுக்கியிருந்தார். "எத்தின பாத்திமா இரிக்கி இந்த ஊர்ல? பேர வெச்சி ஆரப் புடிக்கிற? ஆர்ர மகள் எண்டு சொல்லுங்க." சொன்னால் அரை நிமிடத்தில் அட்டை டொக்டரின் மேசையில் இருக்கும்.

மாரி மழையில் கீழ்த்தட்டுக்குக் கறையான் ஏறி, நற்பிட்டிமுனைக்காரர்களின் அட்டைகளில் பாதியைத் தின்றுவிட்டது. டொக்டர் கனகரெத்தினம் பாண்டிருப்புக்காரர், எழுபதைத் தாண்டியவர், எதையும் மெதுவாகவே செய்பவர். அவரே இனிக் கடதாசி வேண்டாம் என்று முடிவெடுத்தார். மருதமுனையில் கணினி நிலையம் நடத்தும் அம்ஹா என்ற பெண் ஸ்கேன் இயந்திரத்தோடு வந்து சேர்ந்தார். ஜெனூபா அட்டையை ஊட்ட, அம்ஹா பெயரையும் இலக்கத்தையும் பதிந்தார். இரண்டு மாதம். முடிந்த அட்டைகளை ஊர்வாரியாக யூரியாச் சாக்குகளில் கட்டி வைத்தார்கள். நோயாளிகளின் விஷயம் வெளியே போகக்கூடாது என்பதால், அரிசி ஆலையின் உலையில் போட்டு எரிப்பதாக ஏற்பாடு. லொறி மறுநாள் காலையில் வரும்.

அதற்கு முதல்நாள் பின்னேரம் நான் டொக்டரின் மேசைக்கு நேரே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஒலுவில் துறைமுகத்திலிருந்து முத்தலிப் என்ற மீனவரை அவர் மனைவி பஸ்மிலா ஓட்டோவில் கொண்டுவந்தார். கெளிறு மீனின் முள் ஏறி, கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. டொக்டர் காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"ஊசி மருந்து ஏதும் ஒத்துவராதா?"

"அப்பிடி ஒண்டும் இல்ல டொக்டர்" என்றார் முத்தலிப். மனைவியும் தெரியாது என்று தலையசைத்தார்.

ஊசி எழுதுவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது டொக்டருக்கு நாற்பது வருடப் பழக்கம். யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், அதைச் சிவப்பு மையில் பின்பக்கத்தில்தான் எழுதுவார். அன்றும் அவருடைய கை திரையின் ஓரம்வரை நீண்டது. திருப்ப ஒன்றும் இல்லாமல் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியது.

அந்தக் கையை ஜெனூபா பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்க டொக்டர். இதுல பின்பக்கம் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பின்னறைக்கு ஓடினார். ஒலுவில் சாக்கு அடியில் இருந்தது. மேலே கிடந்த ஆறு சாக்குகளையும் தனியாகவே இழுத்துப் போட்டார். கட்டை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தரிக்கோலால் வாயைக் கிழித்தார். முத்தலிப் வலி பொறுக்காமல், "ராத்தா, ஊசியப் போட்டு உடுங்களன்" என்று ஜெனூபாவை அழைத்து முனகினார். உள்ளே அட்டைகள் தரையில் சரியும் சத்தம் கேட்டது.

இருபது நிமிடத்துக்குப் பிறகு தூசி படிந்த முகத்தோடு வந்து, அட்டையைப் பின்பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்தார். சிவப்பு எழுத்து. ஆறு வயதில் பெனிசிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்திருக்கிறது. அது தெரிந்த தாய் மவுத்தாகி, அடக்கியே பல வருடமாம். டொக்டர் முதலில் பெனிசிலின் எழுதியிருந்த தாளைக் கிழித்து வேறு மருந்து எழுதினார். முத்தலிப் ஒன்றும் புரியாமல் நன்றி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கேன் இயந்திரத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்ஹாவைப் பார்த்தார்.

"பின்பக்கம் ஏன் எடுக்கல்ல பிள்ளை?"

அம்ஹா ஜெனூபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையக் கேக்காதங்க" என்றார் ஜெனூபா. "மொத நாளே அது கேட்டிச்சி, பின்பக்கத்துல ஒண்டும் இல்லதானே ராத்தாண்டு. நான்தான் ஓம் ஓம், நீங்க போடுங்க எண்டு சொன்ன. கேட்டது காதுல உழவும் இல்ல. எனக்கு முடிஞ்சாச் சரி எண்டு இருந்திச்சி."

டொக்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "லொறிய வரவேணாம் எண்டு சொல்லு" என்றார்.

மூன்று வாரம் பிடித்தது. எல்லா அட்டைகளையும் ஜெனூபா ஒவ்வொன்றாகத் திருப்பினார். எழுத்திருந்தவை ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றின் பின்பக்கத்தை அம்ஹா மீண்டும் ஸ்கேன் செய்தார். இடையில் யாருக்காவது ஊசி என்றால், ஜெனூபா சாக்குக்கு ஓடி அட்டையை எடுத்து வந்த பிறகுதான் மருந்து. விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அம்ஹாவுக்குத் தொலைபேசி எடுப்பார். "மகள், நேத்து மாளிகைக்காட்டு அட்டை ரெண்டு ஒண்டா ஒட்டிப் போச்சோ எண்டு கிடக்கு. ஒருக்காப் பாருங்க." பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு இன்னொன்று கேட்பார். இப்போது யார் என்ன சொன்னாலும் ஜெனூபா முழுவதையும் கேட்கிறார். கேட்டு முடிக்கும்வரை அவருடைய கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருப்பதை நான் கவனித்தேன்.

லொறி கடைசியில் வந்த காலையிலும் நான் அங்கே இருந்தேன். சாக்குகள் ஏறிவிட்டன. டொக்டர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாரதி எஞ்சினை முடுக்கினார். ஜெனூபா ஓடிப்போய் லொறியின் பின்பலகையைத் தட்டினார்.

"ஒரு அஞ்சி நிமிசம் தம்பி."

ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, தோள்வரை கையை விட்டு, எங்கோ ஆழத்திலிருந்து ஒரு அட்டையை உருவினார். உள்ளே கொண்டுபோய்த் திரையில் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். சரி. திரும்பி வந்து வேறொரு சாக்கு. அதுவும் சரி. மூன்றாவதும் சரி. அம்ஹா சிரித்துக்கொண்டே, "போதும் ராத்தா" என்றார். சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஜெனூபா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலாவது சாக்குக்குள் கையை விட்டிருந்தார்.