பாண்டிச்செல்வியோடு மலை ஏறிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பிடிவாதமாக ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்குத் தெரியாமல் மலை ஏறுகிறார்கள். மழை கொட்டுகிறது, ஒருவர் காலிலும் சேறு இல்லை. கடைசியில் கட்டிப்பிடித்து அழுது பெரியவர்களாகிவிடுகிறார்கள். சப்பென்று இருந்தது. டிக்கெட் போட்டதே மகள்தான், குறை சொல்ல நான் யார்? ஆனாலும் அந்தப் பொய் மழையில் எனக்கு ஏலத்தோட்டத்து ஈரமண் வாடை அடித்தது.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரே கூட்டாளி பாண்டிச்செல்வி. அவள் அம்மா தினமும் போடியிலிருந்து ஜீப்பில் மேலே போவார், ஏலக்காய் எடுக்க. "ஒரு நா நாமளும் போய்ப் பாப்பமாடி?" என்று கிளப்பிவிட்டவள் நான்தான். மலை என்றால் எனக்கு அப்போது பனியும் அருவியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, போடிமெட்டில் பஸ்சை விட்டு இறங்கி, தோட்டத்துப் பெயரை விசாரித்து விசாரித்து நடந்தோம். அட்டை கடித்ததற்கு நான் போட்ட கூப்பாட்டில் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி அவள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பூராம் பிஞ்சு! கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் பறித்திருந்த ஏலக்காய்ப் பையைத் தரையில் கவிழ்த்தார். மழையில் குனிந்து பொறுக்கிய செல்வியின் அம்மா, நிமிர்ந்தபோது எங்களைப் பார்த்துவிட்டார்.

"யாரு இந்தப் பிள்ளைக?" என்றார் கங்காணி.

"தெரியலண்ணே. வழி தப்பி வந்திருக்கும்."

பெற்ற மகளையே தெரியாது என்றது வெட்கமா, பயமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் செல்வி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நானோ என்ன செய்வதென்று தெரியாமல் கடலைமிட்டாய் வாங்கி நீட்டினேன்.

மறுவாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன்.

"நானும் ஜீப்புல ஏறுறேன்டி. பக்கத்துலயே நின்னா, தெரியலன்னு சொல்ல முடியாதுல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கப் போ என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வகுப்பில் முதல் மார்க் அவளுடையது.

கொஞ்ச நாள் ஜீப்பிலிருந்து கை காட்டினாள். பிறகு அதுவும் நின்றது. மலைப்பக்கமே கட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். படம் பார்த்த மறுநாள் அவர்கள் இருந்த தெருவுக்குப் போனேன். வரிசை வீடுகளை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரர், "அவுக அம்மா பேரச் சொல்லுங்க, கேட்டுப் பாப்போம்" என்றார். அத்தை, அத்தை என்றே கூப்பிட்டுவிட்டேன். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.